உள்ளங்கால் மச்சமும் உள்ளத்து வஸ்வாஸும்

சுபஹுக்கு வுழு செய்யும்போதுதான் அதைக் கண்டேன். இடது கால் விரல்களைக் கோதிக் கழுவிவிட்டுப் பாதத்தைத் திருப்பினால், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. எள்ளை விடப் பெரியது, மிளகை விடச் சிறியது. மண் என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை.

நான் தமிழ் படிப்பிக்கிற ஆள். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவது பழக்கம். அன்று லுஹருக்குப் பிறகு ஆசிரியர் அறையில் இருந்தபடி கைபேசியைப் புரட்டினேன். முதல் பக்கம் பயப்பட ஒன்றுமில்லை என்றது. இரண்டாவது பக்கம், உள்ளங்காலில் வரும் கரும்புள்ளியை அலட்சியம் செய்யக்கூடாது என்றது. மூன்றாவது பக்கத்தில் பாடகர் பொப் மார்லியின் கதை. 1977இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தின் கீழ் இருந்த கறுப்பை, பந்து விளையாடியபோது பட்ட காயம் என்றே நினைத்திருந்தார்கள். அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய். 1981 மே 11ஆம் திகதி, 36 வயதில் அவர் இறந்து போனார்.

எங்கள் பக்கத்தில் "அவர மஹரகமக்கு எழுதிட்டாங்களாம்" என்றால், என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. அன்று இஷாவுக்கு முன்பே நான் மனதால் மஹரகமவுக்குப் போய், பிள்ளைகளை யார் பார்ப்பது என்பது வரை யோசித்து முடித்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று கிழமை நான் பட்ட பாட்டை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. என்னைப் போலப் பார்த்துப் பார்த்துச் சாகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பார்க்கவே பயந்து, காலம் கடத்திச் சாகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் உள்ள வருத்தம் ஒன்றுதான். மருந்தும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மறு, மரு, மச்சம்

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தோலில் உள்ள கரும்புள்ளிக்குத் தமிழில் பழைய சொல் 'மறு'. நிலவில் தெரியும் களங்கத்தையும் வள்ளுவர் இச்சொல்லாலேயே குறிக்கிறார். இடையின ரகரத்தில் 'மரு' என்று எழுதினால், அது கழுத்திலும் அக்குளிலும் தொங்குகிற சிறு சதை. 'மச்சம்' நாம் பேச்சில் வழங்குவது. கடைக்குப் போய் "மச்சமா மரக்கறியா?" என்று கேட்கும்போது வருகிற மச்சம் வேறு, அது மீன்.

உடம்பில் எந்த இடத்து மச்சத்துக்கு என்ன பலன் என்று சொல்லும் சிறு நூல்கள் இன்றும் விற்கின்றன. நாம் அவற்றைக் கண்டு சிரிப்போம். ஆனால் அந்த மூன்று கிழமையும் நான் செய்தது என்ன? அவர்கள் மச்சத்தில் யோகத்தைத் தேடினார்கள், நான் மௌத்தைத் தேடினேன். இரண்டும் குறி பார்ப்பதுதான்.

மச்சம் என்பது உண்மையில் மிகச் சாதாரணமான விடயம். நமது மேற்றோலின் அடியில் மெலனோசைட்டுகள் என்ற கலங்கள் இருக்கின்றன. தோலுக்கு நிறம் தரும் மெலனினை ஆக்குவது இவைதான். வெள்ளைத் தோலருக்கும் நமக்கும் இந்தக் கலங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. அவை ஆக்கும் மெலனினின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. இவ்வினத்துக் கலங்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அது மச்சம். வளர்ந்தவர் ஒருவரின் உடம்பில் 10 முதல் 40 வரை மச்சங்கள் இருப்பது வழமை. பெரும்பாலானவை குழந்தைப் பருவத்திலிருந்து நாற்பது வயதுக்குள் தோன்றிவிடும். கர்ப்ப காலத்தில் சில கறுக்கும். வயது போகப் போகச் சில மேலெழும், சில மங்கி மறையும்.

மெலனோசைட்டுகள் கட்டுப்பாடிழந்து பெருகுவதே மெலனோமா. 'மச்சம்தான் புற்றுநோயாக மாறும்' என்ற நமது எண்ணம் பாதி சரி. மெலனோமாக்களில் ஏறக்குறைய பத்தில் மூன்றுதான் முன்பிருந்த மச்சத்தில் தொடங்குகின்றன. மற்றவை வெறும் தோலில் புதிதாகவே முளைக்கின்றன. 2003இல் அமெரிக்காவில் ஒரு கணக்குப் போட்டார்கள். 20 வயதுள்ள ஒருவரின் உடம்பிலிருக்கும் ஏதாவது ஒரு மச்சம், அவருடைய 80 வயதுக்குள் மெலனோமாவாக மாறுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? ஆண்களில் ஏறக்குறைய 3,200இல் ஒன்று, பெண்களில் 10,800இல் ஒன்று. மெலனோமா நம்மை விடப் பல மடங்கு அதிகமாக வருகிற நாட்டிலேயே கணக்கு இதுதான்.

எதைக் கண்டால் போக வேண்டும்?

1985இல் நியூயோர்க்கைச் சேர்ந்த வைத்தியர்கள் பொதுமக்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி நான்கு அடையாளங்களைச் சொன்னார்கள். 2004இல் ஐந்தாவது ஒன்று சேர்ந்தது. மச்சத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தால் இரண்டு பாதியும் ஒத்திருக்கிறதா? ஓரம் சீராக இருக்கிறதா, கிழிந்த கடதாசி போலக் குதறியிருக்கிறதா? ஒரே நிறமா, கறுப்பு, கபிலம், சிவப்பு, நீலம் எனக் கலந்திருக்கிறதா? குறுக்களவு 6 மில்லிமீற்றருக்கு மேலா? அதாவது பென்சில் நுனியிலுள்ள அழிறப்பர் அளவு. ஐந்தாவது, மாறிக்கொண்டு போகிறதா?

ஐந்தில் ஒன்றைத்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் கடைசியை வையுங்கள். மாற்றம். சில கிழமை, சில மாதங்களில் பெருக்கிறது, நிறம் மாறுகிறது, இரத்தம் கசிகிறது, ஆறாமல் புண்ணாகிறது என்றால் காட்ட வேண்டும். உடம்பிலுள்ள மற்ற மச்சங்களோடு சேராமல் ஒன்று மட்டும் தனி ஜாதியாகத் தெரிந்தால் அதையும் காட்ட வேண்டும்.

நம்மைப் போன்ற கருநிறத் தோலுள்ளவர்களுக்கு இன்னும் சில விடயங்கள் முக்கியம். மெலனோமா உலகிலேயே மிக அதிகமாக வருவது அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும். இணையத்தில் நாம் காணும் படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலின் முதுகிலும் முழங்காலுக்குக் கீழும் வெயிலால் வந்தவை. நமக்கு இது அரிதாகவே வரும். வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. அங்கே யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் முள் குத்திய காயம், கல் அடித்த கண்டல் என்று விட்டுவிடுகிறோம். அதனால் ஆட்கள் பிந்தி வருகிறார்கள். நோய் கொடியதாகத் தெரிவதற்கு இந்தப் பிந்தலும் ஒரு பெரிய காரணம்.

நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு ஓடுவது கருநிறத்தவரிடம் சாதாரணம். பல விரல்களில், பல காலமாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நகத்தில் மட்டும் புதிதாகக் கோடு தோன்றி, அகன்றுகொண்டு போய், நகத்தை ஒட்டிய தோலுக்கும் கறுப்புப் பரவினால் காட்டியே ஆக வேண்டும். நம் பெண்கள் பெருநாளுக்குப் பெருநாள் நகத்துக்கு மருதோண்டி இடுகிறார்கள். இடுவதற்கு முன் நகங்களை ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. சிவப்பு ஏறிய பிறகு கோடு தெரியாது.

தோல் புற்றுநோய் எல்லாமே கறுப்பாகவும் இருப்பதில்லை. பழைய நெருப்புக் காயத்தின் தழும்பிலோ, வருடக்கணக்காக ஆறாத புண்ணிலோ வேறொரு வகைத் தோல் புற்று வரலாம். ஆகவே ஆறாத புண்ணும் காட்ட வேண்டிய ஒன்று.

பெரிய மாமி

என் பயம் கைபேசியில் மட்டும் முளைத்ததல்ல. வாப்பாவின் ராத்தா, எங்கள் பெரிய மாமி, 12 வருடங்களுக்கு முன் மௌத்தானார். அவருடைய குதிக்காலில் ஒரு கறுப்பு இருந்தது. வயலில் முள் குத்தியது என்று அவரே சொல்லிக்கொண்டார். எண்ணெய் பூசினார், பத்துப் போட்டார். "ஒருக்காக் காட்டுங்க மாமி" என்றால், "காட்டினா மஹரகமக்கு அனுப்புவாங்க, கத்தி பட்டா பரவும்" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் கவட்டில் நெறி கட்டியிருந்தது. இரண்டு வருடம் தாக்குப் பிடித்தார்.

அவருடைய பேச்சிலிருந்த ஒரு பிழையை மட்டுமாவது இந்தக் கட்டுரை திருத்தட்டும். சிறு துண்டை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பயொப்சியினால் மெலனோமா பரவுவதில்லை. வெட்டாமல் விடுவதால்தான் அது ஆழப் போகிறது. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியல் வைத்தியர், மெலனோமா தோலுக்குள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் கதியைச் சொல்கிறது என்று காட்டினார். இன்றும் அந்த அளவைத்தான் பார்க்கிறார்கள். 1 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலானவர்கள் சுகமாகிவிடுகிறார்கள்.

மாமி பார்க்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாடசாலை அடிமட்டத்தால் அளந்தேன். நீலப் பேனையால் சுற்றி வட்டம் போட்டேன். வுழுவுக்கு வுழு படம் எடுத்தேன். கைபேசியில் அறுபது உள்ளங்கால் படங்கள். ஒன்றில் பெரிதாகத் தெரிந்தது, ஒன்றில் சிறிதாக. தொழுகையில் ஸஜ்தாவில் இருக்கும்போது கூட, பின்னால் கால் மடங்கியிருக்கும் ஞாபகம்தான்.

மனைவி ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இஞ்சப் பாருங்க, அது புதுசில்ல. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்தே இரிக்கி. நான் காணாததா?"

இருபது வருடத்து நேர்ச் சாட்சி. மாறவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பாருங்களேன், அந்தச் சொல் எனக்கு அரை மணித்தியாலம்தான் ஆறுதல் தந்தது. பிறகு, 'அவள் கண்டது வேறு மச்சமாக இருந்தால்?' என்று மனம் தொடங்கிவிட்டது.

சாலும் மேடும்

கடைசியில் அவள்தான் தோல் நோய் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். வைத்திய நிபுணர் இளம் வயதுக்காரர். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். மாமியின் கதையை முதல் தடவையாக வாய் விட்டுச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, கைக்குள் அடங்கும் ஒரு கருவியை எடுத்துக் காலில் வைத்தார். விளக்கும் உருப்பெருக்கியும் சேர்ந்த கருவி, ஏறக்குறைய 10 மடங்கு பெருப்பிக்கும். பெயர் டெர்மொஸ்கோப். நோவு கிடையாது, வெட்டு கிடையாது.

"சேர் வயல் கண்டிருப்பீங்கதானே?" என்றார். "உழுத வயல்ல சாலும் மேடும் இருக்கிற மாதிரித்தான் உள்ளங்கால் தோல். நல்ல மச்சம் என்றா கறுப்பு சால் வழியே ஓடும், தண்ணி நிற்கிற மாதிரி. மேட்டுல கறுப்பு ஏறியிருந்தா நாங்க யோசிப்போம். உங்கட சால்லதான் இருக்கு."

ஜப்பானிய வைத்தியர்கள் உள்ளங்கால் மச்சங்களை ஆராய்ந்து வகுத்த முறை அது என்று பிறகு வாசித்து அறிந்தேன். நான் அறுபது படம் எடுத்தும் காணாததை அவர் அரை நிமிடத்தில் கண்டார். கண் கூடுதலாகப் பார்ப்பதால் அறிவு கூடுவதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண் ஒரு தடவை பார்த்தால் போதும்.

எழும்பப் போனேன். "சேர், கொஞ்சம் வாயைத் திறங்க" என்றார்.

எனக்கு இருபது வருடமாக வெற்றிலைப் பழக்கம். அந்த மூன்று கிழமையும் கவலையில் இரட்டிப்பாகப் போட்டிருந்தேன். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி எல்லாம் பார்த்துவிட்டு, "இன்றைக்கு ஒன்றும் இல்லை. ஆனா நீங்க பயப்பட வேண்டிய இடம் இது" என்றார்.

வெட்கமாக இருந்தது. இலங்கையில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. புகையிலை மட்டுமல்ல, பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. நான் கடைவாயில் பாக்கை அடக்கிக்கொண்டு உள்ளங்காலில் புற்றுநோயைத் தேடியிருக்கிறேன். பயம் நம்மைக் காக்கும் என்று நினைக்கிறோம். அது எப்போதும் சரியான திசையைக் காட்டுவதில்லை.

வஸ்வாஸின் வழி

நோய் பற்றிய இந்த ஓயாத பயத்துக்கு மேலைநாட்டில் நெடுங்காலம் 'ஹைப்போகொண்ட்ரியா' என்று பெயர். விலாக் குருத்தெலும்புக்குக் கீழே என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். கவலை வயிற்றுப் பக்கத்திலிருந்து எழுகிறது என்று அன்று நம்பினார்கள். 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அந்தப் பெயரைத் தன் கைந்நூலிலிருந்து நீக்கி, நோய்ப் பதகளிப்பு என்ற கருத்தில் புதுப்பெயர் சூட்டியது. பழைய பெயர் ஏச்சாக மாறிவிட்டிருந்தது.

1986இல் சல்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் இதன் சுழற்சியை விளக்கினார்கள். பயம் வருகிறது. சோதித்துப் பார்க்கிறோம், அல்லது யாரிடமாவது கேட்கிறோம். சற்று ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதல் கரைந்ததும் பயம் முன்னை விடப் பெரிதாகத் திரும்பி வருகிறது. அதனால் மறுபடி சோதிக்கிறோம். ஆறுதல் தேடுவதே பயத்துக்குத் தீனியாகிறது. மச்சத்தைத் தடவித் தடவிப் பார்த்தால் தோல் சிவந்து, 'பார், மாறிவிட்டது' என்று புதிய ஆதாரமும் கிடைத்துவிடும்.

இந்தச் சுழற்சி நமக்குப் புதிதா? வுழு முறிந்துவிட்டதோ என்று மறுபடி மறுபடி பைப்படிக்குப் போகிறவரை எல்லாப் பள்ளிவாசலிலும் கண்டிருக்கிறோம். அதற்கு நம்மிடம் பெயரும் இருக்கிறது, வஸ்வாஸ். பத்தாம் நூற்றாண்டில், 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலில் உடலுக்கும் உள்ளத்துக்குமான நலப் பாதுகாப்பை ஒருசேர எழுதினார். உள்ளம் பற்றிய பகுதியில் கோபம், பயம், துயரம் ஆகியவற்றோடு வஸ்வாஸுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கினார். சுகமாக இருக்கும்போதே மருந்துகளைச் சேர்த்து வைப்பது போல, மனம் தெளிவாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. வஸ்வாஸ் உள்ளவர் தனித்திருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொன்னார். இரவில் கைபேசியோடு தனித்திருந்த எனக்கு அது நன்றாகவே பொருந்தியது.

நமது பிக்ஹு ஆலிம்கள் வஸ்வாஸுக்குச் சொல்லும் விதியும் பெரியது. உறுதியானது ஐயத்தால் நீங்காது. வுழு செய்தது உறுதி, முறிந்ததா என்பது ஐயம். ஆகவே வுழு இருக்கிறது. நான் இதை என் காலுக்கும் வைத்துக்கொண்டேன். வைத்தியர் கண்டது உறுதி. இரவு இரண்டு மணிக்கு மனம் கேட்பது ஐயம். நாளை மச்சம் உண்மையாகவே பெருத்தாலோ இரத்தம் கசிந்தாலோ அது ஐயமல்ல, ஆதாரம். அன்று எழும்பிப் போவேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிப் பயப்படுகிறவரிடம் "ஈமான் குறைஞ்சி போச்சி" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் வாயை மூடிக்கொள்வார், பயம் மூடிக்கொள்ளாது. பயம் மாதக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் தொழிலையும் கெடுத்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் உளச்சிகிச்சை நல்ல பலன் தருகிறது. தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கும் பேசலாம்.

ஒரு முறை

வைத்தியர் எனக்குச் சொன்ன ஒழுங்கை இங்கே தருகிறேன். மாதத்தில் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு முறை பார்க்க வேண்டும். முதுகை வீட்டிலுள்ளவர் பார்க்கட்டும். நினைவில் நிற்காவிட்டால் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு படம், ஒன்றே ஒன்று. மாற்றம் கண்டால் கைபேசியைத் திறக்காமல் கிளினிக்குக்குப் போக வேண்டும். பெண்கள் கூச்சத்தால் பின்வாங்க வேண்டாம், பெண் வைத்தியரைக் கேட்கலாம். மாற்றம் இல்லையென்றால் அடுத்த மாதம் வரை அதைத் தொடக்கூடாது.

கடைசிப் பகுதிதான் கஷ்டம். முதல் கிழமை, வுழுவில் பாதத்தைக் கழுவி, திருப்பிப் பார்க்காமல் எழும்ப என்னால் முடியவில்லை. இரண்டாம் கிழமை கொஞ்சம் முடிந்தது. அந்த அறுபது படங்களையும் மனைவி பக்கத்தில் இருந்தே அழிக்க வைத்தாள். வெற்றிலைத் தட்டத்தையும் அவளே எடுத்து ஒளித்துவிட்டாள். அது இன்னும் கஷ்டம். அல்ஹம்துலில்லாஹ், ஏழு மாதமாக வாயில் வைக்கவில்லை.

போன மாதம் சாச்சி வந்திருந்தார். பெரிய மாமியோடு கூடித் திரிந்தவர். பேச்சோடு பேச்சாக, காலில் ஒரு புண் ஆறுதில்லை என்றார். "என்னத்துக்கு இந்த வயசில டொக்டர்?" என்று சிரித்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. அடுத்த நாள் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, ஓட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பயொப்சிக்கு ஒரு துண்டு எடுத்தார்கள். முடிவு வரும் வரை நான் அவருக்கு ஒன்றையும் வாசித்துக் காட்டவில்லை, தேடவுமில்லை. நீரிழிவுப் புண் என்று வந்தது. இப்போது மருந்து கட்டுகிறார்கள், ஆறிக்கொண்டு வருகிறது.